இரு முயல்களும் ஒரு சட்டமும்



சட்டப் புத்தகம் புரட்டுவோர்க்குச் சிறுவர் படநூலில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். 1958ஆம் ஆண்டில் அமெரிக்க ஓவியர் கார்த் வில்லியம்ஸ் வெளியிட்ட ‘முயல்களின் திருமணம்’ என்னும் நூலை நாம் படித்தோம். கருமுயலும் வெண்முயலும் காட்டிலே துள்ளி விளையாடுகின்றன. என்றும் உடனிருக்க வேண்டுமென்ற ஏக்கத்தாற் கருமுயல் முகம் வாடுகின்றது. இறுதியில் மஞ்சட் பூக்களைக் காதிற் செருகி இரண்டும் மணம் புரிகின்றன. ஏனைய விலங்குகள் சூழ்ந்து ஆடுகின்றன. அவ்வளவே கதை. அந்த மெல்லிய உரோமத்தைத் தடவிப் பார்க்கவே நம் விரல் நீண்டது.

ஆனால், கறுப்பரும் வெள்ளையரும் மணப்பதைக் குற்றமாக்கியிருந்த அலபாமா மாநிலத்தில், 1959இல், எடின்ஸ் என்னும் செனற்றர் இந்நூலை எரிக்க வேண்டுமென்றார். மாநில நூலகச் சேவையின் தலைவி எமிலி றீட் அம்மையார் நூலை அகற்ற மறுத்தார். எனினும், கேட்போர்க்கு மட்டும் வழங்கும் அடுக்கிற்கு அது மாற்றப்பட்டது. அத்தகைய மணத்தடைச் சட்டங்கள் செல்லா என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது.

நாம் மீண்டும் பக்கங்களைப் புரட்டினோம். நிறவாதத்தைக் கண்டிக்கும் ஒரு சொல்லேனும் அங்கில்லை. பேதத்தைப் புகட்டாமையே அந்நூல் செய்த குற்றம்! புகட்டினாலன்றி நிலைக்காத சட்டம், புகட்டாத படத்திற்கு அஞ்சியது.

ஆகவே, பெற்றோரே, படநூலை விளையாட்டுப் பொருளென்று தள்ளாதீர்கள். வயலால் வந்தாலென்ன, அலுவலகத்தால் வந்தாலென்ன, பிள்ளையை மடியில் இருத்திப் படத்தைக் காட்டுங்கள். நீதி சொல்ல விரையாதீர்கள். பிள்ளை காண்பது என்னவென்று முதலிற் கேளுங்கள்.