வேறு கல்லூரிக்கு மாறலாமா?



முதல் செமஸ்டர் முடிந்து பிள்ளைகள் ஊருக்கு வரும்போது பல வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "எனக்கு அந்த காலேஜ் வேண்டாம்ப்பா, வேற எங்கேயாவது மாத்திவிடுங்க." அப்பா உடனே, "கவுன்சிலிங்ல சாய்ஸ் போட்டது நீதானே?" என்பார். அம்மா, "என்னடா ஆச்சு? சாப்பாடு சரியில்லையா, யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்பார். பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டான். அப்பா கேட்டது குற்றச்சாட்டு, அம்மா கேட்டது விசாரணை. இரண்டில் அம்மாவின் கேள்விதான் உருப்படியானது. எதனால் மாற வேண்டும் என்று தெரியாமல் எங்கே மாறுவது என்று பேசி என்ன பயன்?

பொறியியல் கல்லூரிகளையே எடுத்துக்கொள்கிறேன். மாற்றம் கேட்டு அதிகம் அலைவது அங்கேதான். தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இவற்றில் தன்னாட்சி பெறாத கல்லூரிகள் அத்தனைக்கும் பாடத்திட்டம் ஒன்று, செமஸ்டர் வினாத்தாள் ஒன்று, தேர்வு நாளும் ஒன்று. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரியை விட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனாலும் மூன்றாம் செமஸ்டர் கணக்குத்தாள் அதே தாள்தான். கட்டிடம் மாறும், பஸ் ரூட் மாறும், பாடம் மாறாது. அரியர் இருந்தால் அதுவும் பெட்டி படுக்கையோடு கூடவே வரும்.

இது இன்று நேற்று வந்த சங்கதி அல்ல. கணிதமேதை ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. வகுப்பில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார். திரும்பி வந்தால் வருகைப்பதிவு போதவில்லை. 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருடைய அருமை தெரிந்த ஆசிரியர்கள் அமைந்தார்கள். சிங்காரவேலு முதலியார் என்ற பேராசிரியர் அவரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து கடினமான கணக்குகளைப் போட்டுப் பார்த்தார். இதைவிட நல்ல இடம் எந்த மாணவனுக்குக் கிடைக்கும்? ஆனால் தேர்வு அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. தேர்வு. எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பதும் அதே விதி. உடலியல் பாடம் அவருக்கு எட்டிக்காய். நடுவில் உடம்பு முடியாமல் கல்லூரியை விட்டார், 1907-ல் தனித்தேர்வராக எழுதினார், அப்போதும் தேறவில்லை.

அவர் மூன்றாவதாகவும் ஒரு கல்லூரிக்குப் போனார். 1914-ல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி. ஆராய்ச்சியை வைத்தே 1916-ல் பட்டம் கொடுத்தார்கள். உடலியலில் எத்தனை மார்க் என்று யாரும் கேட்கவில்லை. கும்பகோணத்தில் தொடங்கிய தொல்லை பச்சையப்பனிலும் தொடர்ந்தது, டிரினிட்டியில் அதற்கு இடமே இல்லை. கல்லூரி மாற நினைக்கிற பிள்ளையிடம் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: இங்கே உன்னை வாட்டுவது எதுவோ, அது அங்கே இருக்காது என்று எப்படித் தெரியும்?

மெக்கானிக்கல் பிடிக்கவில்லை என்பவனுக்கு வேறு கல்லூரி மெக்கானிக்கல் எப்படிப் பிடிக்கும்? அவனுக்கு வேண்டியது வேறு படிப்பு. உள்ளேயே பிரிவு மாற வழியுண்டா என்று பார்க்கலாம், அல்லது துணிந்து ஒரு வருடத்தை விட்டுவிட்டு மறுபடி கவுன்சிலிங்குக்குப் போகலாம். "ஒரு வருஷம் வீணாப்போச்சே" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். பிடிக்காத படிப்பில் போகிற நாலு வருடத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் திணறுகிறவர்களின் நிலை வேறு. வகுப்பில் பேராசிரியர் சொல்வது பாதி புரியாது, பக்கத்தில் இருப்பவன் மடமடவென்று எழுதிக்கொண்டிருப்பான். இந்தக் கல்லூரியே நமக்கு ஆகாது என்று தோன்றும். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. மற்றபடி பெரும்பாலான இடங்களில் ஆங்கிலம்தான். இந்தத் திணறலில் பெரும்பகுதி இரண்டாம் செமஸ்டருக்குள் தானாகக் குறைந்துவிடும். அதனால் முதல் பருவத்து அழுகையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

ராகிங் என்றால் பொறுத்துப் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் தடைச் சட்டம் உண்டு. குற்றம் உறுதியானால் கல்லூரியை விட்டுப் போக வேண்டியவன் அதைச் செய்தவன். அடிபட்ட பிள்ளை முதலில் மூட்டை கட்டுவது தலைகீழ் நியாயம். கட்டணமில்லாத 1800-180-5522 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்குப் பிறகும் அந்த வளாகத்தில் கால் வைக்கப் பிள்ளைக்கு மனம் கூசினால் தயங்காமல் மாற்றுங்கள்.

அப்படியானால் யார்தான் மாறலாம்? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஹாஸ்டல் பணம் கட்ட முடியவில்லை — இவை மாறினால் தீருகிற கஷ்டங்கள். மூன்று மாதமாக ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லை, லேபில் பாதிக் கருவி ஓடவில்லை என்றால் அதுவும் நல்ல காரணமே. இது வெறும் மாணவர் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஒரே பேராசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததை 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆதாரத்தோடு வெளியே கொண்டுவந்தது, பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. காகிதத்தில் ஆசிரியர் இருப்பார், கரும்பலகை முன்னால் இருக்க மாட்டார்.

அதனால் போகப்போகிற கல்லூரியையும் அதே கண்ணால் பாருங்கள். வாசலில் இருக்கும் பெரிய பேனரில் நாக் தரச்சான்று என்று போட்டிருக்கும். அது கல்லூரி முழுமைக்கும் சேர்த்துக் கொடுப்பது. உங்கள் பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று தனியாகக் கேளுங்கள். கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதம் வெளியாகிறது, அதையும் பாருங்கள். இவை எல்லாவற்றையும்விட, ஒரு வேலை நாளில் பதினோரு மணிக்குப் போய் அந்த டிபார்ட்மென்ட் வராந்தாவில் ஒருமுறை நடந்தால் போதும். எத்தனை வகுப்பில் பாடம் நடக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். கேன்டீனில் இரண்டாம் ஆண்டுப் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தால் வெப்சைட்டில் இல்லாத செய்தியெல்லாம் வந்து விழும்.

இனி நடைமுறை. நினைத்த கல்லூரிக்கு நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. அங்கே அதே பிரிவில் காலியிடம் இருக்க வேண்டும். பேர் பெற்ற கல்லூரிகளில் அது அரிது. காலியாக இருக்கும் இடத்துக்கும் டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வருகிறவர்கள் போட்டிக்கு இருப்பார்கள். விட்டுப் போகிற கல்லூரி முதல்வர், சேர்த்துக்கொள்கிற கல்லூரி முதல்வர் இருவரும் தடையில்லாச் சான்று தர வேண்டும். அதன் பிறகு தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் பல்கலைக்கழகமும் ஒப்புதல் தர வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி சம்பந்தப்பட்டிருந்தால் இன்னொரு சிக்கல்: பாடத்திட்டம் வேறாக இருக்கும். தாளுக்குத் தாள் ஒப்பிட்டுப் பார்த்து, விட்டுப்போனதைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள். அந்தப் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

அலுவலகத்தில் 'நோ டியூஸ்' படிவம் ஒன்று தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு மாணவன் வளாகம் முழுக்கச் சுற்ற வேண்டும். நூலகத்தில் தொலைத்த புத்தகத்துக்கு அபராதம், கெமிஸ்ட்ரி லேபில் உடைந்த பியூரெட்டுக்குக் காசு, ஹாஸ்டல் மெஸ் பாக்கி, கடைசியில் ஒருவர் லீவு என்று ஒரு கையெழுத்து நாளைக்கு. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "மீதி வருடங்களின் பீஸையும் கட்டினால்தான் சர்ட்டிபிகேட்" என்று யாராவது சொன்னால் மட்டும் அசந்துவிடாதீர்கள். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவும் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. படிப்பை விட்டு விலகுகிறவரிடம் வரும் ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்பதற்கும் இடமில்லை. வாயால் வாதாடாமல் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதிக் கேட்டதுமே பாதிப் பேச்சு நின்றுவிடும்.

முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசே கட்டும் கட்டணம், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1000 ரூபாய் — இவற்றில் ஏதாவது பெறுகிறவராக இருந்தால், மாறிய பிறகு அது தொடருமா, எந்தக் கல்லூரி எப்போது பதிவு செய்யும் என்பதை இரண்டு அலுவலகத்திலும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில வீடுகளில் இந்த ஒரு பதில் போதும், மாறுவதா வேண்டாமா என்பது முடிவாகிவிடும்.

மாறுவது என்று தீர்மானித்தால் விசாரிப்பை மே மாதமே தொடங்குங்கள், மூன்றாம் செமஸ்டர் ஆரம்பித்த பிறகு ஓடாதீர்கள். இன்னொன்று, மாற்றத்துக்கான உத்தரவு கைக்கு வருகிறவரை பழைய கல்லூரியில் டி.சி. வாங்க வேண்டாம். வகுப்புக்கும் தவறாமல் போய்க்கொண்டிருக்கட்டும், வருகைப்பதிவு குறைந்தால் இரண்டு கல்லூரியிலும் பதில் சொல்ல வேண்டிவரும்.