தளேகாவ் ஆலையும் சீன முதலீடும்



சீன வாணிகம் தமிழர்க்குப் புதிதன்று. இராசராச சோழனின் தூதுக்குழு 1015இல் சீன அரசவையை அடைந்தது. 1281இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ்க் கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டது. எனினும் பழம்பெருமை பேசிக் கலைந்து போவதற்கு நாம் இங்குக் கூடவில்லை. அன்று அந்நாட்டிலிருந்து பட்டும் பீங்கானும் வந்தன. இன்று முதலீடும் வருகிறது. அதைக் காணப் புனேயை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

ராஞ்சண்காவில் இருந்த குளிர்பெட்டி ஆலையை 2007இல் ஹையர் நிறுவனம் வாங்கியது. இந்த ஹையர், 1984இல் கடனில் மூழ்கிக் கிடந்த ஒரு நகராட்சி ஆலை. செருமானிய நிறுவனமொன்றிடம் தொழில்நுட்பம் கற்றது. மறு ஆண்டு, குறையுள்ள 76 பெட்டிகளை அவற்றைச் செய்த தொழிலாளரைக் கொண்டே சம்மட்டியால் உடைக்கச் செய்தார் அதன் தலைவர் சாங் ருயிமின். ஒரு பெட்டியின் விலை தொழிலாளியின் ஈராண்டுச் சம்பளம் என்பர்; கண்ணீரோடுதான் உடைத்திருப்பார்கள்! பிறர் தொழிலைத் தம் மண்ணில் கற்றுத் தேர்ந்து, பின்னரே சீனர் தம் முதலை வெளிநாடுகளுக்கு அனுப்பினர்.

இனித் தளேகாவுக்கு வருவோம். அங்கு ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலையை வாங்க, 2020 சனவரியில் கிரேட் வால் என்னும் சீன நிறுவனம் முன்வந்தது. ஏப்ரலில், நில எல்லையுள்ள அண்டை நாடுகளின் முதலீட்டுக்கெல்லாம் மைய அரசின் முன்னிசைவு வேண்டும் என்ற விதி பிறந்தது. ஜூன் நடுவில் மராட்டிய அரசோடு 3,770 கோடி ரூபாய்க்கு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே நாட்களில் கல்வானில் நம் வீரர் 20 பேர் உயிர் நீத்தனர். உடன்படிக்கை நிறுத்தி வைக்கப்பட்டது. டிசம்பரில் ஆலையும் நின்றது. அடுத்த ஆண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்து வழக்காடினர். 2022இல் பேரம் முறிந்தது. 2023இல் ஆலையை வாங்க ஒப்பந்தம் செய்தது, நம் இருங்காட்டுக்கோட்டையில் வேரூன்றிய ஹூண்டாய். 2025இல் மீண்டும் அங்கிருந்து கார்கள் வெளிவந்தன.

எல்லையில் குருதி சிந்திய பின் அரசு விழிப்புற்றதை நாம் குறை கூறோம். ஆனால் ஆலைக்குப் போட்ட தாழ் சரக்குக்கு இல்லை. 2024-25இல் சீனத்திலிருந்து நாம் வாங்கியது ஏறத்தாழ 11,300 கோடி டாலர். அங்கு விற்றதோ 1,400 கோடி டாலர் அளவே. ஆலை வந்தால் நம் இளைஞர் கையில் தொழிலாவது தங்கும்; பெட்டியில் வரும் சரக்கு விலையை மட்டுமே நமக்குச் சொல்லும்.

2025 ஏப்ரலில் சீனம் அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. உள்ளங்கையில் அடங்கும் பொருள்! அது வராமையால், அவ்வாண்டு நம் புனேயின் பஜாஜ் நிறுவனம் சேத்தக் மின்வண்டி உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. சாக்கணிலும் பிம்ப்ரியிலும் பணிபுரியும் நம் சங்க உறுப்பினர் பலர். தம் பட்டறையில் எந்தெந்தப் பாகம் சீனத்திலிருந்து வருகிறது, அதை இங்கே செய்ய என்ன தடை என்பதை அவர்களே இம்மேடையில் எடுத்துரைத்தால் நாம் அமர்ந்து கேட்போம்.