வாவிக்கரை நுளம்பும் நாடு கடந்த ஆராய்ச்சியும்

(சங்கக் கூட்டத்தில் மாணவர் சார்பில் நிகழ்த்திய உரை)



டெங்கு நுளம்பு நன்னீரிலேதான் பெருகும் என்று நெடுங்காலம் பலரும் நம்பியிருந்தனர். வாவியின் உவர்க்காற்றில் வாழும் எமக்கும் அந்த நம்பிக்கை ஓர் ஆறுதலாயிருந்தது. ஆனால், அந்த ஆறுதலுக்கு ஆதாரமில்லை என்பதை 2011ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டிவிட்டது.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தாரும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும், புரூணை நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றிய ஆராய்ச்சியாளரும் கூடிச் செய்த ஆய்வு அது. கரையோரங்களில் கைவிடப்பட்ட தோணிகள், பாவிக்காத கிணறுகள், வீசியெறிந்த பிளாஸ்ரிக், கண்ணாடிப் பாத்திரங்கள் ஆகியவற்றில் தேங்கிய உவர்நீரில், டெங்கு பரப்பும் இருவகை நுளம்புகளின் புழுக்களையும் அவர்கள் கண்டனர். அந்நீரில் லீற்றருக்கு 2 முதல் 15 கிராம் வரை உப்பிருந்தது. கடல்நீரில் இருப்பது ஏறக்குறைய 35 கிராம்.

அன்பர்களே, இந்த உண்மை கரையிலே இறங்கித் தோணிக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தென்பட்டது. நாடு கடந்த ஆராய்ச்சியில் எமது மண்ணுக்கும் ஒரு பங்குண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, நோயை இனங்காணும் விடயத்திற்கு வருவோம். 1960களில் இலங்கையில் காணப்பட்ட சிக்குன்குனியா, நாற்பது ஆண்டுகளின் பின் 2006இல் மீண்டும் தோன்றியது. மட்டக்களப்பும் அதற்குத் தப்பவில்லை. அக்காலத்து வைரசுகளைக் கொழும்பு, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்து, அவை கிழக்கு, மத்திய, தென் ஆபிரிக்க வம்சத்தைச் சேர்ந்தவை என்று 2010இல் வெளியிட்டனர். கடல் கடந்து வரும் நோயின் வழியைத் தனியொரு நாடு எவ்வாறு அறியக்கூடும்?

டெங்கும் சிக்குன்குனியாவும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். மூட்டுவலிக்கென்று அஸ்பிரின் விழுங்கினால், அது டெங்குவாயின் இரத்தப்போக்கு அபாயம் கூடும். ஆகவே, இரத்தப் பரிசோதனை அவசியம். முதற் சில நாட்களில் வைரசின் புரதத்தைத் தேடுவர். ஏறக்குறைய ஐந்தாம் நாளின் பின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவர். காய்ச்சல் தொடங்கிய நாளைச் சரியாகச் சொல்லாவிட்டால், உயர்ந்த கருவியும் எம்மை ஏமாற்றிவிடலாம். 2017இல் மாத்திரம் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானதை மறத்தலாகாது.

எனவே, பெரியோர்களிடம் எமது வேண்டுகோள் இரண்டு. பழந்தோணிகளைக் கவிழ்த்து வையுங்கள். பாழ்ங்கிணறுகளைப் பார்வையிட வரும் பிள்ளைகளுக்குப் படலையைத் திறந்துவிடுங்கள். வாலிப நண்பர்களே, வாரத்தில் ஒரு நாளை இப்பணிக்கு ஒதுக்குவோம். நாளை இவ்வாராய்ச்சியை முன்னெடுப்போர் நம்மிடையே இருந்தும் தோன்றட்டும்.