தட்டில் நாலு பெயர், பேச்சில் நாற்பது பெயர்



ஆடி மாதம் பிறந்துவிட்டால் தருமபுரி மாவட்டத்தில் பாட்டுச் சத்தம் கேட்காத ஊர் கிடையாது. நம் ஊரில் திருவிழா இல்லையென்றாலும், அடுத்த ஊர் மாரியம்மன் கோயிலில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் சத்தம் காற்றுவாக்கில் வந்து சேரும். இன்று அந்தப் பாட்டு ஒரு செல்போனிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ வருகிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அது ஒரு கறுப்புத் தட்டிலிருந்து வந்தது. தட்டைச் சுழலவிட்டு, முள்ளை மெல்ல இறக்கி வைத்தவர் மைக் செட்காரர்.

பாப், சோல் என்று மேல்நாட்டில் சொல்லும் பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்க்கும் ரசிகர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஒரு தட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். நம் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. அவர்களைப் பற்றியும், கூடி உட்கார்ந்து அவர்கள் பேசும் பேச்சு ஏன் நமக்கெல்லாம் தேவைப்படுகிறது என்பதைப் பற்றியும் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நம் மாவட்டத்தின் முதல் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் யாரென்று கேட்டால், மைக் செட்காரர்கள் என்றே நான் சொல்வேன். ஓர் ஆம்பிளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு குழாய், ஒரு மரப்பெட்டி நிறைய ரெக்கார்டுகள். பாலக்கோட்டில் கல்யாணம், அரூரில் காதுகுத்து, காரிமங்கலம் பக்கம் எருது விடும் விழா என்று அந்தப் பெட்டி ஊர் ஊராகப் போகும். புளிய மரத்து உச்சியில் குழாயைக் கட்டியதும் முதலில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாட்டு. பிறகு முருகன், அம்மன். பொழுது ஏறியதும் சினிமாப் பாட்டு. இரவில் கூத்துக் கட்டுகிறவர்கள் வேஷம் போட்டு முடிக்கும்வரை திருவிளையாடல் வசனத் தட்டு. எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு, பெண் அழைப்புக்கு எது, பந்திக்கு எது என்று அவருக்கு அத்துப்படி. ஊரின் காது எப்படிப்பட்டது என்று அறிந்து தட்டு வாங்கியவர் அவர். நல்ல தட்டு வைத்திருக்கிற செட்டுக்குத்தான் கிராக்கி. அதனால் தட்டின் நடுவிலுள்ள லேபிளில் தன் செட்டின் பெயரை மையால் எழுதிவைப்பார். இன்று பழைய தட்டுகளை வாங்குகிறவர்கள் அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் இது எந்த ஊரில் பாடிய தட்டு என்று தெரிந்துகொள்கிறார்கள்.

தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு, அரக்கு கலந்து செய்தது. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம் போல்தான் பாட்டு அடங்கும். 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டை விட்டது. இவை வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. நம்மூரில் இ.பி. என்று சொன்ன சிறிய தட்டு இந்த 45 சுற்றுக்காரன்தான். பக்கத்துக்கு இரண்டு பாட்டு, மொத்தம் நாலு பாட்டு.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1960-ஐ ஒட்டி 78 சுற்றுத் தட்டு நின்றுபோனது. இந்தியாவில் நிற்கவில்லை. மின்சாரம் எட்டாத ஊர்கள் நிறைய இருந்தன. அங்கெல்லாம் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டிதான். அந்தப் பெட்டியில் 78 சுற்றுத் தட்டு மட்டுமே பாடும். அதனால் கல்கத்தாவின் டம்டம் ஆலை, 1960-களின் நடுவில் பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட அரக்குத் தட்டில் அச்சிட்டது. இன்று உலகத்தின் பீட்டில்ஸ் ரசிகர்கள் அந்த இந்தியத் தட்டுகளுக்குப் பெரும் விலை கொடுக்கிறார்கள். மின்கம்பம் வராத ஊர்களுக்காகச் செய்த பொருள் அரும்பொருளாகிவிட்டது.

சரி, நம்முடைய பாப், நம்முடைய சோல் எங்கே என்று கேட்கலாம். தொலைவில் இல்லை. 1965 அக்டோபர் 2 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தச் சேலத்தில், ஏற்காடு சாலையில், டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அங்கே 1960-களில் வந்த துப்பறியும் படங்களுக்கு இசையமைத்தவர் வேதா. இரு வல்லவர்கள், வல்லவன் ஒருவன், நான்கு கில்லாடிகள் என்று வரிசையாகச் சொல்லலாம். கிடாரும் பாங்கோவும் டிரம்ஸும் துள்ளும் இசை. அவருடைய பல மெட்டுகளுக்கு மூலம் இந்திப் பாட்டுகளிலும் மேல்நாட்டுப் பாட்டுகளிலும் இருக்கிறது. ரசிகர்கள் கூடினால் முதல் வாதம் இங்கேதான் கிளம்பும். மூலத்தை எடுத்துப் போடுவார்கள், பிறகு வேதாவைப் போடுவார்கள். எடுத்தாண்டதுதானே என்று ஒருவர் சொல்வார். தமிழ்ச் சொல் உட்காரும்படி தாளத்தை எங்கே திருப்பியிருக்கிறார் கவனி என்று இன்னொருவர் முள்ளை மறுபடி இறக்குவார். நான் இரண்டாமவர் பக்கம்தான். தமிழ்ப் பாட்டின் குறில் நெடிலுக்கு ஓர் அந்நிய மெட்டு வளைந்து கொடுப்பது சாமானிய வேலை இல்லை.

சோல் இசை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டில் பிறந்தது. அரீத்தா பிராங்க்ளின், டெட்ராய்ட் நகரில் தந்தை போதகராக இருந்த தேவாலயத்தில் பாடத் தொடங்கியவர். அந்த வேகமும் உருக்கமும் ஒரே குரலில் நமக்கு வேண்டுமென்றால் எல்.ஆர். ஈஸ்வரியைக் கேட்க வேண்டும். குழுவில் ஒருவராகக் கோரஸ் பாடியவரை ஊரறியச் செய்தது 1961-இல் பாசமலர் படத்தின் கல்யாணப் பாட்டு. அது ஒலிக்காத கல்யாணம் அந்நாளில் இல்லை. 1969-இல் சிவந்த மண் படத்தில் சவுக்கடிக்கு நடுவே ஒரு பாட்டு. 1973-இல் கௌரவம் படத்தில் ஜாஸ் தழுவிய ஒரு பாட்டு. இரண்டும் எம்.எஸ். விஸ்வநாதன் இசை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அதே ஈஸ்வரியின் குரல்தான் இன்றும் ஆடி மாதம் நம் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது ஒலிக்கிறது.

பாப் என்றே பெயர் சொல்லிப் பாடிய தமிழர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். இலங்கையில் பொப்பிசை என்றார்கள். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் கிடாரை வைத்துக்கொண்டு பேச்சுத் தமிழில், பைலா என்ற ஆட்டத் தாளத்தில் பாடினார்கள். இலங்கை வானொலி அந்தப் பாட்டுகளை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. கொழும்பிலிருந்து வந்த அலைவரிசையைப் பிடிக்க ஏரியல் கம்பியை ஓட்டின் மேல் இழுத்துக் கட்டிய வீடுகள் நம் மாவட்டத்திலும் இருந்தன. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற சுராங்கனி, 1977-இல் அவர் எனக்கே சொந்தம் படத்தில் இளையராஜா இசையில் புது உருவம் எடுத்தது.

நேயர்களே, இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஒரு பழைய சினிமாத் தட்டைக் கையில் எடுங்கள். லேபிளில் என்ன இருக்கிறது? படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர். அவ்வளவுதான். அந்தப் பாட்டில் அக்கார்டியன் வாசித்தவர் யார்? டிரம்ஸ் யார்? தட்டு வாய் திறக்காது. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதனின் குழுவில் அக்கார்டியன் மங்களமூர்த்தி, டிரம்ஸ் நோயல் கிராண்ட், கிடார் பிலிப்ஸ், பறவைக் குரலிலிருந்து குதிரைக் குளம்படிவரை விதவிதமான ஒலிகளைத் தந்த சதன் ஆகியோர் இருந்தார்கள் என்று இன்று நமக்குத் தெரிகிறது. ரசிகர்கள் கேட்டுக் கேட்டு, பழைய கலைஞர்களைத் தேடிப்போய்ப் பேசி, அந்தப் பெயர்களை மீட்டார்கள். தட்டில் நாலு பெயர் என்றால், பேச்சில் நாற்பது பெயர் வருகிறது.

கோடம்பாக்கத்துக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை இது. 1959-இல் பெரி கோர்டி டெட்ராய்ட் நகரில் மோடவுன் நிறுவனத்தைத் தொடங்கினார். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்டீவி வொண்டர் என்று உலகம் கொண்டாடிய பெயர்களுக்குப் பின்னால் வாசித்தது ஒரே வாத்தியக் குழு. ஃபங்க் பிரதர்ஸ் என்பது அவர்கள் பெயர். பல ஆண்டுகள் எந்த உறையிலும் அந்தப் பெயர் வரவில்லை. 1971-இல்தான் பாடகர் மார்வின் கே தன் எல்.பி. உறையில் அவர்கள் பெயரைப் போட்டார். அவர்களுள் ஒருவரான பேஸ் கிடார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1983-இல் காலமானார். அந்தக் குழுவைப் பற்றிய ஆவணப்படம் 2002-இல் வந்தது. இன்று உலகத்தின் பேஸ் கிடார் கலைஞர்கள் ஜேமர்சனை ஆசானாக வணங்குகிறார்கள்.

இப்படிப் பெயரை மீட்பதற்கு நேர்மாறாக, மறைக்கும் வழக்கமும் ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் வடபகுதி ஆலை நகரங்களில், இளம் தொழிலாளிகள் அமெரிக்காவில் விலைபோகாத சோல் தட்டுகளைத் தேடி வாங்கி, இரவு முழுக்க ஆடினார்கள். விகன் நகரத்து கேசினோ அரங்கம் 1973 முதல் 1981 வரை அவர்களுக்குக் கோயிலாக இருந்தது. அங்கே தட்டு ஓட்டியவர்களுள் சிலர், போட்டியாளர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று லேபிள் மேல் காகிதம் ஒட்டிப் பாடகர் பெயரை மறைத்தார்கள். பிராங்க் வில்சன் 1965-இல் பாடிய ஒரு தட்டு, மிகச் சில பிரதிகளே மிஞ்சியதால் 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலை போனது. விலை என்னை ஈர்க்கவில்லை. மறைத்த பெயர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததும், முகம் தெரியாத ஊர் ஒன்று அந்தப் பாடகரைக் கொண்டாடியதும்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் பாட்டும் அப்படி வெளியே போயிருக்கிறது. 1985-இல் வந்த ஸ்ரீ ராகவேந்திரர் படத்தின் இளையராஜா பாட்டிலிருந்து ஒரு துணுக்கு, 2003-இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவின் எலிஃபங்க் தொகுப்பில் ஒலித்தது. அது யார் பாட்டு என்று அங்குள்ள இளைஞனுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே, கூடிப் பேசுவது பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதில்லை. பேசும்போது இன்னொரு உண்மையும் தெரிய வரும். படத்தில் நீளமாக வரும் பாட்டு 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது. சில பாட்டுகளை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள், சிலவற்றில் சரணத்தையே விட்டார்கள். இணையத்தில் கிடைப்பது எந்த வடிவம், தட்டில் இருப்பது எது, படத்தில் வந்தது எது என்று ஒப்பிட்டுச் சொல்ல, தட்டு வைத்திருப்பவரும் படத்தை அந்நாளில் கொட்டகையில் பார்த்தவரும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டும்.

1980-களில் கேசட் வந்தது. பிறகு சி.டி. வந்தது. குழாய் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடுகளும் வந்தன. மரப்பெட்டிகள் பரணில் ஏறின, பல காயலான் கடைக்குப் போயின. மிச்சம் இருப்பவற்றைக் காப்பாற்றச் சில வார்த்தை சொல்கிறேன்.

தட்டுகளைப் படுக்கைவசமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் இருந்தால் வினைல் நெளிந்துவிடும். ஆகையால் பரணிலிருந்து இறக்கி, நிழலான அறையில் வையுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடையுங்கள். பழைய அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும். எல்.பி.க்கான முள்ளை 78 தட்டில் வைக்காதீர்கள். 78-இன் பள்ளம் அகலமானது, அதற்கென்று தனி முள் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு நோட்டுப் புத்தகம். தட்டின் எண், படம், உறையில் உள்ள கடை முத்திரை, லேபிளில் எழுதியிருக்கும் மைக் செட்டின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். பென்னாகரத்திலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ உங்கள் தெருவில் ஒரு பழைய மைக் செட்காரப் பெரியவர் இருப்பார். அவரை வீட்டுக்கு அழையுங்கள். ஐயா, இந்தத் தட்டை எங்கே வாங்கினீர்கள், எந்த விசேஷத்துக்குப் போட்டீர்கள், ஜனங்கள் எதை மறுபடி போடச் சொன்னார்கள் என்று கேளுங்கள். நம் மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் உண்டு. அந்த மொழித் தட்டுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

வாசித்தவர் பெயர் தட்டில் இல்லை. தட்டை ஊருக்குக் கொண்டுவந்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு பெயர்களும் மனிதர்களின் நினைவில்தான் இருக்கின்றன. நினைவுள்ளவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட்டால், நாளைக்கு அந்தப் பாட்டைக் கேட்கிற பிள்ளைக்கு இது இன்னார் வாசித்தது, இன்னார் நம் ஊருக்குக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தட்டை எடுங்கள், ஒரு பெரியவரை அழையுங்கள், ஒரு பக்கமாவது எழுதுங்கள்.