புகையும் பல்லீறும்

(செங்கற்பட்டில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் எனக்குப் பல்லைப்பற்றிப் பேச யாது உரிமை என்று சிலர் நகைத்தல் கூடும். தொல்காப்பியனார் பிறப்பியலில் எழுத்துப் பிறத்தற்குரிய உறுப்புக்களுள் பல்லையும் ஒன்றாக வைத்தார். மேற்பல்லின் அடியை நா பொருந்தாவிடில் தகரமும் நகரமும் செவ்வனே பிறவா. ஆதலின் பல் தமிழாசிரியனுக்கும் உரிய பொருளேயாம்.

இதனை யான் ஏட்டிற் கற்றதன்றி, என் சிறிய தந்தையாரிடத்தும் கண்டேன். அவர் மாமல்லபுரத்திற் கருங்கற் சிற்பம் செதுக்குபவர்; முப்பது ஆண்டுகளாகக் கையில் உளியும் வாயிற் பீடியுமாக இருந்தவர். “பல் துலக்கும்போது ஒரு துளி இரத்தமும் கண்டதில்லை, என் ஈறு கல்” என்பது அவர் பெருமை. ஐம்பத்திரண்டாம் அகவையில் மேல் முன்பற்கள் இரண்டு ஆடத் தொடங்கின. பல் மருத்துவர் மெல்லிய அளவுகோலொன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே செலுத்த, அது 7 மில்லிமீட்டர் இறங்கிற்று. நலமுள்ள வாயில் 3-க்கு மேல் இறங்காது.

இரத்தம் வாராமைக்குக் காரணம் யாதெனில், புகையிலையிலுள்ள நிக்கோட்டின் ஈறின் நுண்குழல்களைச் சுருக்கிவிடும். நோய்க் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் புகையாற் குன்றும். ஈறு சிவவாது, வீங்காது, கசியாது. உள்ளே பல்லைத் தாங்கும் எலும்போ கரைந்துகொண்டே செல்லும். காவல்நாயின் வாயைக் கட்டிவிட்டுக் கன்னமிடுவது போன்றது இது. ஈறுநோய்க்குப் புகை ஒரு காரணமே என்பதை 2004-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கையும் உறுதி செய்தது. (பல்வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொள்வோர் நம்முள் இன்றும் உளர். அது மருந்தன்று, அமெரிக்காவினின்று போர்த்துக்கேசியர் கொணர்ந்த சரக்கு.)

நிற்க. மருத்துவர் சொற்படி அவர் பீடியை விட்டார். மூன்றாம் வாரம் பல் துலக்குகையில் இரத்தம் கண்டது. “பீடி உள்ளவரை நன்றாயிருந்தது, விட்டதனாற் கெட்டது” என்று மீண்டும் பற்றவைத்தார். குழல்கள் மீண்டும் திறந்தமையால் மறைந்திருந்த நோய் வெளிப்பட்டது என்பதை அம்மருத்துவரும் முன்னர் உரைத்திலர்; யானும் அறிந்திலேன். ஓராண்டில் அவ்விரு பற்களும் வீழ்ந்தன. சிறுவயது முதல் என்னைத் “தம்பி” என அழைத்தவர் அச்சொல்லின் முதலெழுத்தையே இழந்தார்.

நம் மாவட்டத்திற் காட்டாங்குளத்தூரிலும் மேல்மருவத்தூரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள. ஒன்றிற்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கிருந்த இளம்பெண் மருத்துவர் கடிந்துரைத்திலர். “விழித்தெழுந்து எவ்வளவு நேரத்தில் முதற்பீடி ஐயா?” என்று வினவினார். அரைமணிக்குள் என்றால் பழக்கம் ஆழ வேரூன்றியது என்று பொருளாம். விடும் நாளை அவரையே குறிக்கச் செய்தார். நிக்கோட்டின் கலந்த மெல்லும் கோந்து ஆடும் பல்லினர்க்கு ஆகாது எனத் தோலில் ஒட்டும் பட்டையைத் தந்தார். வேட்கை எழுந்தால் ஐந்து நிமிடம் நீர் பருகி நடந்து கழிக்குமாறும், இரத்தம் கண்டால் அஞ்சாது உடனே வருமாறும் கூறினார். வந்தபோது ஈறின் அடிவரை படிந்த காரையைச் சுரண்டி எடுத்தார்.

பட்டறையில் உடன் வேலை செய்வோர் பீடி நீட்டுவதே பெருந்தடையாயிற்று. யானே சென்று வேண்டிக்கொண்டேன். இருவர் சிரித்தனர், ஒருவர் தாமும் விட முயல்வதாகச் சொன்னார். அவருக்கு 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். புகையிலைப் பொதிகளின்மேலேயே அச்சிட்டுள்ள அதனை யான் அதுவரை படித்ததில்லை.

பீடி நின்று பதினான்கு திங்கள் ஆயின. கரைந்த எலும்பு மீளவில்லை. எஞ்சிய பற்கள் நிலைத்தன. கட்டிய பற்கள் இரண்டால் மீண்டும் “தம்பி” என்கிறார். வரும் ஞாயிறன்று ஈறுசோதனைக்கு அவரோடு செல்கின்றேன். தம் வீட்டுப் பெரியவரை உடனழைத்துவர விரும்புவோர் கூட்டம் முடிந்தபின் என்னிடம் சொல்லலாம். வண்டியில் இடம் உண்டு.