ஆறு முறை வந்தும் எட்டிப் பார்க்காத நர்ஸ்

இன்று பட்டம் பெறும் நர்சிங் மாணவ மாணவியருக்கு என் வாழ்த்துகள். கறுப்பு அங்கிக்குள் உங்களுக்கு வேர்த்துக் கொட்டுவது இங்கிருந்தே தெரிகிறது. சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன். ரிட்டயர் ஆன நர்சிங் சூப்பிரண்டெண்ட் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை உங்கள் முதல்வர் யோசித்திருக்க வேண்டும்.

நான் சூப்பிரண்டெண்டாக இருந்தபோது நோயாளிகளின் புகார் மனுக்கள் என் மேஜைக்குத்தான் வரும். அதில் ஒன்றைச் சொல்கிறேன். வயிற்றில் ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவரின் மகள் எழுதியது. "ராத்திரி முழுக்க எங்கப்பாவை ஒரு நர்ஸ்கூட எட்டிப் பார்க்கவில்லை."

கேஸ் ஷீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இரவு 8 மணிக்கு ஆன்டிபயாடிக் ஊசி. 10 மணிக்கு பி.பி., நாடித்துடிப்பு. 12 மணிக்கு டிரிப்ஸ் பாட்டில் மாற்றியது. 2 மணிக்கு வலிக்கு ஊசி. 4 மணிக்கு யூரின் பேக் அளவு. 6 மணிக்குக் காய்ச்சல் பார்த்தது. ஆக, ஆறு முறை நர்ஸ் அந்தக் கட்டிலுக்குப் போயிருக்கிறார். ஷீட்டில் எழுதியது பொய்யும் இல்லை, மருந்துக் கணக்கு சரியாக இருந்தது.

நேரே பெரியவரிடமே போய்க் கேட்டேன். "வந்தாங்கம்மா. பாட்டிலப் பாத்தாங்க, போயிட்டாங்க. தண்ணி குடிக்கலாமான்னு ஒண்ணுதான் கேக்கணும்னு இருந்தேன். இதோ வர்றேன் தாத்தான்னாங்க." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, விடியும்வரை அப்படியே படுத்திருந்திருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கான பதில் கட்டில் காலடியில் தொங்கிய கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. காலை ரவுண்ட்ஸ் வரை வாய் வழியாக எதுவும் கூடாது. 'இப்ப குடிக்கக் கூடாது தாத்தா, காலையில டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவார்' என்று சொல்லி, ஈரத்துணியால் உதட்டை நனைத்துவிட ஒரு நிமிஷம் ஆகுமா?

அந்த நர்ஸை அழைத்துப் பேசினேன். வார்டில் 42 நோயாளிகள். அவர் ஒருவர், துணைக்கு ஒரு மாணவி. இரவு 7 முதல் காலை 7 வரை 720 நிமிஷம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 17 நிமிஷம். அதற்குள்தான் ஊசியும் டிரிப்ஸும் ரெஜிஸ்டரும் புது அட்மிஷனும். அன்றிரவு வார்டில் ஒரு மரணம் வேறு. அந்த உடலையும் உறவினர்களையும் பார்த்துக்கொள்ள எத்தனை நிமிஷம் போயிருக்கும் என்று இங்கிருக்கும் ஆசிரியைகளுக்குத் தெரியும். அவருக்கு மெமோ கொடுக்கச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. ஐரோப்பாவில் 12 நாடுகளில், 488 மருத்துவமனைகளில், 33,000-க்கும் மேற்பட்ட நர்ஸ்களிடம், கடைசி ஷிப்டில் நேரமில்லாமல் எதை விட்டீர்கள் என்று கேட்டார்கள். 2014-இல் வந்த ஆய்வு. நோயாளியைத் தேற்றவோ அவரிடம் பேசவோ நேரமில்லை என்றவர்கள் 53 சதவீதம். நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை என்றவர்கள் 41 சதவீதம். வைத்தியத்தைவிடப் பேச்சுதான் அதிகம் விடுபடுகிறது. ஊசிக்கு ரெஜிஸ்டரில் கட்டம் இருக்கிறது, விட்டால் மாட்டிக்கொள்வோம். பேச்சுக்குக் கட்டம் ஏது? நர்ஸ் குறைந்தால் உயிருக்கும் ஆபத்து. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றி 2002-இல் ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழு எழுதியது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது.

புகார் பெருகினால் நிர்வாகம் என்ன செய்யும்? கனிவாகப் பேசுவது எப்படி என்று வகுப்பு வைக்கும். நைட் டியூட்டி முடித்தவர்களை வீட்டுக்கு விடாமல் ஹாலில் உட்கார வைத்து, கோட்டு போட்ட ஒருவர் புன்னகைக்கப் பாடம் நடத்துவார். பாதிப்பேர் தூங்குவார்கள். நியாயமான தூக்கம்.

கனிவு இல்லாதவர்களா நாம்? என் மாணவப் பருவத்தில் எங்கள் சிஸ்டர் டியூட்டர் காலையில் போர்வை மடிப்பின் மூலையைப் பார்ப்பார், பிறகு நோயாளியைப் பற்றிக் கேட்பார். காய்ச்சல் எவ்வளவு என்றல்ல. "இவரு இங்க படுத்திருக்காரே, வீட்டுல மாட்டை யார் பாத்துக்கறா?" பதில் தெரியாவிட்டால் அன்று டிபன் கிடையாது. (ஹாஸ்டல் உப்புமாவை நினைத்தால் அது பெரிய தண்டனையும் இல்லை.) எங்களுக்கு ஆளுக்கு நான்கு நோயாளிகள். நான்கு பேர் வீட்டு மாடு, மருமகள், கடன் எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. அதே பெண்கள்தான் ஸ்டாஃப் நர்ஸ் ஆன பிறகு பாட்டிலை மட்டும் பார்க்கிறார்கள். மனசு மாறிவிடவில்லை. 4 என்பது 42 ஆகிவிட்டது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதியை நீங்களே பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் ஒரு ஷிப்டில் 9 படுக்கைக்கு ஒரு நர்ஸ். பரீட்சைத் தாளில் மட்டும்தான் அந்தக் கணக்கு நேராகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் பகலில் நால்வருக்கு ஒருவர், இரவில் எழுவருக்கு ஒருவர் என்று சட்டமே போட்டது. பின்னால் ஆராய்ந்தபோது, நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதிலும், திரும்ப வந்து சேருவது குறைந்ததிலும் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸ்களுக்கான செலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. பணம் இல்லை என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டியூட்டி முடித்து அடுத்த ஷிப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது, செய்ததை எழுதுவதோடு செய்ய முடியாமல் போனதையும் எழுதுங்கள். '17-ஆம் படுக்கை, திருப்பிப் படுக்க வைக்கவில்லை. 30-ஆம் படுக்கை, இன்சுலின் போடச் சொல்லிக்கொடுக்கவில்லை.' ஆள் போதவில்லை என்று பொதுவாக எழுதும் கடிதம் ஃபைலுக்குள் போய்விடும், எனக்கு அனுபவம் உண்டு. படுக்கை எண் போட்டு மூன்று மாதம் சேர்ந்த நோட்டை அப்படித் தள்ளிவைக்க முடியாது. சில சூப்பிரண்டெண்டுகளுக்குக் கோபம் வரும். எழுதுங்கள். அதற்குத் தனி நோட்டு வேண்டுமென்று வார்டிலிருந்து இன்டென்ட் வந்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டீன் ஐயா கையெழுத்துப் போடுவார் என்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நம்புகிறேன்.