தோமாவைத் தள்ளாத வீடு

(ஆதரவாளர் ஜெபக்கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



மயிலாப்பூர்ப் பக்கம் போகிற நம் எல்லாருக்கும் சாந்தோம் பேராலயத்தின் உயர்ந்த கோபுரம் தெரியும். இப்போதுள்ள ஆலயம் 1896-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அப்போஸ்தலனாகிய தோமா கி.பி. 52-ல் இந்தியாவுக்கு வந்தார், கி.பி. 72-ல் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது வழிவழியாக வரும் பாரம்பரியம்.

அப்படிப்பட்டவரை உலகம் 'சந்தேகத் தோமா' என்றே அழைக்கிறது. ஆண்டவரோடு மரிக்கவும் போவோம் வாருங்கள் என்று மற்றச் சீஷர்களைத் தைரியப்படுத்தியவர் அவர். ஆனால் கெத்செமனேயில் எல்லாரும் ஓடினபோது அவரும் ஓடினார். உயிர்த்தெழுந்தவரைக் கண்டோம் என்று மற்றவர்கள் சொன்னபோது நம்ப மறுத்தார்.

யோவான் 20-ஆம் அதிகாரத்தைக் கவனித்து வாசியுங்கள். எட்டு நாளைக்குப் பிறகும் தோமா அந்த வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார். மற்றப் பத்துப்பேரும் அவரை வெளியே தள்ளவில்லை. எப்படித் தள்ளுவார்கள்? அவர்களும் ஓடிப்போனவர்கள்தானே! ஆண்டவரும் தள்ளவில்லை. அவிசுவாசத்தைக் கண்டித்தார்; ஆனாலும் தம் காயங்களை அவருக்குக் காண்பித்தார். தோல்வியை மறைக்க வேண்டியிராத அந்த வீட்டிலிருந்துதான் ஒரு தலைவர் எழும்பினார்.

நம் வார்டுகளும் அந்த வீட்டைப் போல் இருக்க வேண்டும். இரவுப் பணியில் ஓர் இளம் நர்ஸ் ஊசி மருந்தின் அளவைத் தவறிப் போட்டுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். உடனே சொன்னால் நோயாளியைக் காப்பாற்ற வழியுண்டு. பயந்து மறைத்தால், விடிவதற்குள் ஓர் உயிர் போகலாம். அவள் வாய் திறப்பாளா? அது அவளுடைய தைரியத்தை மட்டும் பொறுத்ததல்ல. போன முறை தவறைச் சொன்னவளை மேலதிகாரி எப்படி நடத்தினார் என்பதையும் பொறுத்தது.

தான் விழுந்த நாளை மறவாத தலைவர், "நோயாளி எப்படி இருக்கிறார்?" என்றுதான் முதலில் கேட்பார். விசாரணை பிறகு உண்டு, கண்டிப்பும் உண்டு. தவறை மூடி மறைப்பது அன்பல்ல. ஆனால் விழுந்தவளைக் கைதூக்கிவிட்டு மறுபடியும் கற்றுக்கொடுப்பார். தன் விழுகையை மறந்தவரோ பயத்தைத்தான் வளர்ப்பார். பயம் குடியிருக்கிற வார்டில் உண்மை வெளியே வராது.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கையால் கட்டில்களும் மருந்துகளும் வாங்குகிறோம். பயமற்ற ஒரு வீட்டைப் பணத்தால் வாங்க முடியாது, அதற்காக ஜெபியுங்கள். தலைமைப் பொறுப்பிலுள்ள நாங்கள், எங்களைத் தாங்கின கிருபையை மறவாதிருக்க வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் சபையிலும் தலைகுனிந்து நிற்கிற ஒரு தோமா இருந்தால், அவருக்குக் கதவைத் திறந்து வையுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.